கோச்சைக் கறியும் நாற்பது நாள் கோழியும்

கேள்வி இதுதான்: "சாப்பாட்டுக்காக ஆடு கோழியைக் கொல்வதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். வேடிக்கைக்காகக் கொன்றால் மட்டும் கொடுமை என்கிறோம். சாகிற உயிருக்கு இரண்டும் ஒன்றுதானே? சேவல்கட்டை எதிர்க்கிற ஒருவர் மத்தியானம் சிக்கன் பிரியாணி சாப்பிட்டால் அது என்ன நியாயம்?"

நான் கரூர், நாமக்கல் பக்கம் முப்பது வருடம் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன். சேவல்கட்டில் வயிறு கிழிந்த சேவலைத் தைத்திருக்கிறேன். கறிக்கோழிப் பண்ணைகளுக்குப் போய்ச் செத்த கோழிகளை அறுத்துப் பார்த்து நோய் சொல்லியிருக்கிறேன். இறைச்சிக்கூடத்தில் காலை நாலரை மணிக்கு நின்று ஆடுகளைச் சோதித்து முத்திரை போட்டிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்தே கூடவே வருகிறது.

முதலில் சுருக்கமாக: இரண்டுக்கும் நடுவே கோடு ஒன்று உண்டு. ஆனால் நாம் அதைப் போட்டிருக்கும் இடம் தப்பு. எங்கே போட வேண்டும் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

சேவல்கட்டிலிருந்தே தொடங்குகிறேன். உணவும் வேடிக்கையும் ஒரே உயிரில் வந்து சேர்கிற இடம் அது. அரவக்குறிச்சிப் பக்கத்துப் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டி நடக்கும் கட்டு ஊர் அறிந்தது. சேவலின் காலில் கட்டிய கத்தி பட்டு ஆட்களே செத்ததால் சில வருடம் தடைபட்டது, பிறகு மறுபடி நடந்தது. கத்தியில்லாமல் மோத விடுவதும் உண்டு, அதை வெற்றுக்கால் என்பார்கள். கத்திக்கால் என்றால் ஒரு விரல் நீளத்துக்குச் சற்றே குறைந்த கத்தியை நூல் சுற்றி இறுக்கிக் கட்டுவது. அந்தக் கத்தியின் கூர்மையை நேரில் பார்த்தால்தான் தெரியும். தாளை மேலே போட்டால் இரண்டாகிவிடும். இரண்டு சேவலையும் கையில் பிடித்து ஒன்றை ஒன்று கொத்தவிட்டு, ரோஷம் ஏறியதும் தரையில் விடுவார்கள். பல சமயம் இரண்டு மூன்று பாய்ச்சலிலேயே முடிந்துவிடும். தோற்ற சேவலுக்குக் கோச்சை என்று பெயர். கோச்சையை ஜெயித்தவர் எடுத்துக்கொண்டு போவார். அன்று ராத்திரி அது குழம்பாகும். கோச்சைக் கறிக்கு ருசி அதிகம் என்று தேடி வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

அந்தச் சேவல் எதற்காகச் செத்தது? விளையாட்டுக்கா, சாப்பாட்டுக்கா? கேள்வி கேட்டவர் சொல்கிற முரண் இங்கே முழுசாக இருக்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் ஒருவர் துண்டில் சுற்றிய சேவலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார். "டாக்டருங்க, கொடலு வெளிய வந்துருச்சுங்க, தெச்சா பொழைக்குமுங்களா?" என்றார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால் வருடம் வளர்த்த சேவல். கம்பும் ராகியும், வாரத்துக்கு இரண்டு முறை பாதாம், கிணற்று மேட்டுத் தொட்டியில் நீச்சல், சாயங்காலம் உடம்புக்கு ஒத்தடம் என்று வளர்த்திருக்கிறார். சொந்தப் பிள்ளைக்கு அப்படிச் செய்தாரா என்று எனக்குத் தெரியாது. குடலைக் கழுவி உள்ளே வைத்து நான் தைத்து முடிக்கிற வரை அவர் அந்தப் பறவையின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்த அன்பு பொய்யில்லை. கத்தியைக் கட்டியதும் அதே கைதான் என்பதும் பொய்யில்லை. இதை நான் சொல்லக் காரணம், கட்டுக்காரர்களை ராட்சசர்களாக நினைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்வோம்.

இப்போது கறிக்கோழிப் பண்ணைக்கு வாருங்கள். பல்லடம், நாமக்கல், கரூர் முழுக்க இருக்கும் நீள நீளமான ஷெட்டுகள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனிக்காரர் கொடுப்பார். ஷெட், தண்ணீர், கரண்ட், உழைப்பு பண்ணைக்காரருடையது. கிலோவுக்கு இத்தனை என்று வளர்ப்புக் கூலி. வந்திறங்கும் நாளில் குஞ்சு நாற்பது கிராம் சொச்சம். நாற்பதாவது நாள் இரண்டு கிலோவைத் தாண்டியிருக்கும். இதற்கு ஊசியும் ஹார்மோனும் காரணம் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது தவறு. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து இணை சேர்த்ததில் வந்த வளர்ச்சி அது, கோழியின் ரத்தத்திலேயே இருக்கிறது. அதனால்தான் எனக்கு அது இன்னும் வருத்தம். ஊசி என்றால் நிறுத்திவிடலாம். அந்தக் கோழிக்கு அதன் உடம்பே சுமை.

முப்பத்தைந்தாம் நாள் ஷெட்டுக்குள் போனால் என்ன தெரியும் என்று சொல்கிறேன். கால் வைக்க இடமிருக்காது. நடந்தால் கோழிகள் ஓடாது, கொஞ்சம் நகரும், மறுபடி உட்காரும். மார்பு பெரிதாகிக் கால் தாங்காமல் முட்டியில் உட்கார்ந்தே இருப்பதால் அந்த இடத்துத் தோல் எச்சத்தின் காரத்தில் வெந்து கறுத்திருக்கும். நூறு கோழியைத் தூக்கிப் பார்த்தால் பலவற்றில் இந்தப் புண் தெரியும். அம்மோனியா வாடையில் முதல் பத்து நிமிஷம் உங்கள் கண் எரியும். ராத்திரியும் விளக்கு எரியும், தீவனம் எடுக்க வேண்டுமே. லோடு ஏற்றுவது பெரும்பாலும் ராத்திரியில். ஒரு கைக்கு நாலு, ஐந்து என்று ஒற்றைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூடையில் போடுவார்கள். அந்த ஆட்களையும் குறை சொல்ல மாட்டேன். விடிவதற்குள் ஆயிரக்கணக்கில் ஏற்றிக் கொடுத்தால்தான் அவர்களுக்குக் கூலி.

இந்தக் கோழிகளின் தாய்க்கோழிகள் பாடு வேறு. அவற்றுக்கும் இதே பசி, இதே வேகம். வேண்டிய அளவு சாப்பிட விட்டால் கொழுத்து, முட்டையிடாமல் போகும். அதனால் வளரும் பருவம் முழுக்க அவற்றைப் பசியோடு வைத்திருப்பார்கள். இது யாரோ ஒருவரின் கொடூர மனசில்லை. தொழில்நுட்பக் கையேட்டில் இருக்கும் அட்டவணை. நானே அந்த அட்டவணையைப் பண்ணைக்காரர்களுக்கு விளக்கியிருக்கிறேன்.

முட்டைக்கோழியின் கதையும் இருக்கிறது. காட்டுக்கோழி வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். கூண்டுக்கோழி முந்நூறுக்கு மேல். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து தீவனத்தில் போதாதபோது எலும்பிலிருந்து போகிறது. ஒன்றரை வருடம் கழித்துக் கழிவுக்கோழியாக விற்கும்போது அதைத் தூக்கினால் சில நேரம் விரலுக்கடியில் எலும்பு முறிகிற சத்தம் கேட்கும், காய்ந்த முருங்கைக்குச்சி மாதிரி. 2023இல் வந்த மத்திய அரசு விதி கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்கிறது. ஒரு ஏ4 தாள் 620க்கு மேல். அதாவது சட்டம் திருத்திக் கேட்கிற இடமே ஒரு தாளின் பரப்பைவிடக் குறைவு. சேவல் குஞ்சுகள் அந்தக் கூண்டைக்கூடப் பார்ப்பதில்லை. முட்டையினத்தில் பிறந்த ஆண் குஞ்சு முட்டையும் இடாது, கறியும் வைக்காது. பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்துக் கொன்றுவிடுவார்கள். அவை உணவுக்காகவும் சாகவில்லை, வேடிக்கைக்காகவும் சாகவில்லை. கணக்குக்கு ஒத்துவராததால் செத்தவை.

இப்போது ஒரு உயிராக யோசித்துப் பாருங்கள். வெயிலில் நடந்து, மண்ணைக் கிளறி, ஒன்றே முக்கால் வருடம் ராஜாவாக வாழ்ந்து ஐந்து நிமிஷத்தில் கத்தியில் சாகும் கட்டுச்சேவலாகப் பிறப்பீர்களா, நாற்பது நாள் உட்கார்ந்தே இருந்து சாகும் கறிக்கோழியாகவா? நான் கட்டுச்சேவலைத்தான் தேர்ந்தெடுப்பேன். கேள்வி கேட்டவரின் கோபத்தில் உள்ள உண்மை இது, அதை மறைக்கக் கூடாது. உலகத்தில் வருடத்துக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகள் சாப்பாட்டுக்காகக் கொல்லப்படுகின்றன. சேவல்கட்டில் சாகிறவை அந்தக் கணக்கில் ஒரு துளிகூட இல்லை.

அப்படியானால் சேவல்கட்டு பரவாயில்லையா? இல்லை.

சாப்பாட்டில் வலி என்பது செலவு. வலியில்லாமலே அதே கறி கிடைத்தால் சாப்பிடுகிறவர் எதையும் இழப்பதில்லை, சந்தோஷமே படுவார். சேவல்கட்டில் வலிதான் சரக்கு. சேவல் ரத்தம் சிந்தாமல், பயப்படாமல், சாகாமல் இருந்தால் கத்திக்காலைப் பார்க்க யாரும் காசு கட்டிக் காத்திருக்க மாட்டார்கள். முதலாவதில் கொடுமையைக் குறைத்தாலும் தொழில் இருக்கும். இரண்டாவதில் கொடுமையை எடுத்துவிட்டால் தொழிலே இருக்காது. கோடு இந்த இடத்தில்தான் விழுகிறது. வாய்க்குப் போகிறதா, கண்ணுக்குப் போகிறதா என்பதில்லை. அந்த உயிரின் துன்பம் நமக்கு வேண்டியிருக்கிறதா, இல்லையா என்பதுதான்.

நம் சட்டமும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லப் பார்க்கிறது. 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்துதான் 1960இன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவர்தான். வாரியம் பல வருடம் சென்னையில்தான் இருந்தது. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வேடிக்கைக்காக மட்டுமே ஒரு விலங்கை இன்னொன்றோடு சண்டைக்குத் தூண்டுவது குற்றம் என்கிறது. உணவுக்காகக் கொல்வது குற்றமில்லை, ஆனால் தேவையில்லாத வலி கொடுத்தால் அந்த விலக்கு செல்லாது என்கிறது. 28ஆம் பிரிவு மதம் கேட்கிற முறையில் கொல்வதை விட்டுவிடுகிறது. எழுத்தில் பார்த்தால் யோசித்து எழுதிய சட்டம். முதல் முறை குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். 1960இன் ரூபாய் இன்றும் அப்படியே நிற்கிறது. நான் ஒரு வழக்கில் சான்றிதழ் எழுதிக் கொடுத்து, கோர்ட்டுக்கு மூன்று முறை போய் வந்தேன். என் பஸ் செலவு அபராதத்தைவிட அதிகம்.

"தேவையில்லாத வலி" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கறிக்கோழியின் கால் புண் தேவையான வலியா? கிலோ இன்னும் இருபது ரூபாய் ஏறினால் அந்தக் கோழிக்கு இன்னும் கொஞ்சம் இடமும், மெதுவாக வளரும் ஒரு இனமும் கொடுக்க முடியும் என்றால் அந்த வலி தேவையில்லாததுதான். அது நம் பசிக்காகக் கொடுத்த வலியில்லை, மலிவு விலைக்காகக் கொடுத்தது. இங்கே கேள்வி கேட்டவர் நினைப்பதைவிட இன்னும் ஒரு அடி கீழே போக வேண்டியிருக்கிறது. நாம் உணவு என்று பேர் வைத்திருப்பதில் எவ்வளவு உண்மையில் உணவு?

சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் முட்டை வாங்கிச் சாப்பிடும் பிள்ளைக்கு அது உணவு. பல வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு வேறு புரதம் கிடையாது. அந்த முட்டையை ஒருவர் தத்துவம் பேசிப் பிடுங்க வந்தால் நான் குறுக்கே நிற்பேன். கரைவலை இழுத்துக் கிடைத்த மத்தியை அன்றைக்கே குழம்பு வைக்கும் வீட்டுக்கு அது உணவு. வயல் எலியைப் பிடித்துச் சுட்டுச் சாப்பிடும் இருளர் குடும்பத்துக்கு அது உணவு, கூடவே வயல்காரருக்கு உதவி. மழையில்லாத மண்ணில் வெள்ளாடு வளர்ப்பவருக்கு ஆடுதான் பயிர். இவர்கள் முன்னால் போய்க் கொல்லாமை பேச எனக்கு வாய் வராது.

ராத்திரி பதினொரு மணிக்கு, வயிறு நிறைந்த பிறகு, பக்கெட் பிரியாணி சவாலில் யார் அதிகம் தின்கிறார்கள் என்று பந்தயம் கட்டி, கேமரா முன்னால் பாதியைத் தின்று மீதியைக் கொட்டுகிறவருக்கு அது உணவில்லை. அது வேடிக்கை. சேவல்கட்டில் ஒரு சேவல் செத்தது, இங்கே பத்துக் கோழி செத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கல்யாணப் பந்தியில் ஒரு இலையில் மட்டன், சிக்கன், மீன், காடை, முட்டை எல்லாம் வைத்துப் பாதி எச்சில் இலையோடு குழிக்குப் போவதும் இந்தக் கணக்கில்தான் வரும். சேவல்கட்டை எதிர்ப்பவர் பிரியாணி சாப்பிடலாமா என்றால், முதலில் எந்தப் பிரியாணி, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்க வேண்டும்.

"நான் சைவம், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பால் சும்மா வருவதில்லை. மாடு கன்று போட்டால்தான் பால். போடுகிற கன்றில் பாதி காளைக்கன்று. ஏர் போய் டிராக்டர் வந்த பிறகு, கலப்பினக் காளைக்கன்றுக்கு வேலை இல்லை. கிடாரியை வைத்துக்கொள்வார்கள். காளைக்கன்று பால் குடித்தால் நஷ்டம் என்று சில இடங்களில் பட்டினியிலேயே விட்டுவிடுவார்கள். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாய் முன்னால் நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மாடு வைக்கோல் கன்றை நக்கும், மடி சுரக்கும், மாட்டுக்காரர் கறந்துகொள்வார். நாக்கு படப்பட அந்தத் தோலின் ரோமம் ஒரு பக்கமாகப் படிந்து பளபளவென்று இருக்கும். பால் வற்றிய மாடு அடிமாடாகச் சந்தைக்குப் போய், லாரியேறிக் கேரளா போகும். காலை ஃபில்டர் காபியில் இதெல்லாம் இருக்கிறது. இதைச் சொல்வது சைவர்களைக் குத்திக்காட்டுவதற்காக இல்லை. இந்தப் பொறுப்பிலிருந்து விலகி நிற்க ஒரு மேட்டு இடம் யாருக்கும் கிடையாது என்பதற்காக.

மரபைப் பற்றிக் கேட்காமல் தமிழில் இந்தப் பேச்சு முடியாது. ஒரு பக்கம், புறநானூற்றில் சேர அரசன் கபிலரின் கையைப் பிடித்துப் பார்த்து உன் கை மெத்தென்று இருக்கிறதே என்கிறான். பூமணக்கும் புகையில் வெந்த கறியையும் சோற்றையும் உண்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத கை, அதனால் மெத்தென்று இருக்கிறது என்று கபிலர் பதில் சொல்கிறார். இன்னொரு பக்கம் வள்ளுவர் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். இரண்டும் நம்முடையவை. வள்ளுவர் அவற்றைத் துறவறவியலில்தான் வைத்தார், இல்லறத்தாருக்குச் சொல்லவில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வைத்த இடம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 256ஆம் குறளைப் படித்தால் அது துறவியிடம் மட்டும் பேசுவதாக எனக்குத் தோன்றவில்லை. தின்பதற்காக உலகம் கொல்லாது என்றால், விலைக்காக ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்கிறார். கொன்றவன் கசாப்புக்கடைக்காரன், நான் வாங்கினேன், அவ்வளவுதான் என்ற வாதத்துக்கு அன்றைக்கே பதில் சொல்லியாயிற்று. அறுப்பவர் கையில் உள்ள கத்தியின் பிடியில் வாங்குகிறவர் விரலும் இருக்கிறது. இன்றைய வியாபாரப் பாஷையில் இதைத் தேவையும் வரத்தும் என்போம். வள்ளுவர் அதை அறமாகவே சொன்னார்.

வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய வள்ளலார் இதை இன்னொரு வழியில் சேர்த்தார். பசித்த மனிதனுக்குச் சோறு போடுவதும், உயிரைக் கொல்லாமலிருப்பதும் அவருக்கு ஒரே காருண்யம். பசியைப் பேசாமல் கொல்லாமையை மட்டும் பேசியவர் இல்லை அவர். இந்த வரிசை முக்கியம். ஏனென்றால் நம் ஊரில் கொல்லாமை நிறையப் பேர் வாயில் கருணையாக இல்லாமல் சாதியாக வந்திருக்கிறது. கறி தின்பவன் தாழ்ந்தவன், மாட்டுக்கறி தின்பவன் இன்னும் தாழ்ந்தவன், அசைவக்காரருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்பதெல்லாம் விலங்கின் மேல் உள்ள இரக்கமில்லை. கோழிப் பண்ணையில் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள்தான் இதைப் பேசுகிறார்கள். ஒரு மனிதனை அவமானப்படுத்த உதவும் அளவுக்குத்தான் அந்த இரக்கம் நீளுகிறது என்றால் அதை நான் அறம் என்று எண்ண மாட்டேன்.

2003இல் தமிழ்நாட்டில் இது அரசு உத்தரவாகவே வந்தது. 1950ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டிக் கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடை செய்தார்கள். ஊர்ச்சாமிகளின் பக்தர்கள் கொதித்துப்போனார்கள். 2004இல் அந்தச் சட்டமே ரத்தானது. அந்தச் சமயம் நான் பார்த்தது ஒன்று. கோயில் வாசலில் ஆறு மாதம், ஒரு வருடம் மேய்ந்து திரிந்த கிடாவை வெட்டக் கூடாது, நாலு தெரு தள்ளி நாற்பது நாள் கோழியை டஜன் டஜனாக வெட்டலாம். எது அதிகக் கொடுமை என்று யாரும் அளக்கவில்லை. எது கண்ணுக்கு அசிங்கமாகப் பட்டது என்றுதான் அளந்தார்கள்.

எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கிடாவுக்கு மாலை போட்டு, சாமி முன்னால் நிறுத்தி, தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். பிறகு எல்லோரும் சும்மா நிற்போம். கிடா உடம்பை உதறிச் சிலிர்க்க வேண்டும், அதைத் துளுக்குதல் என்போம். துளுக்கினால்தான் உத்தரவு. துளுக்கவில்லை என்றால் மறுபடி தண்ணீர், மறுபடி காத்திருப்பு. ஒரு வருடம் முக்கால் மணி நேரம் நின்றோம். மேளம் நின்றுவிட்டது. பூசாரி, "ஏதோ குத்தம் இருக்குது, எல்லாரும் மனசுல வேண்டிக்குங்க" என்றார். என் அப்பாயி அழுதேவிட்டது. கடைசியில் கிடா ஒரு உதறு உதறியது.

ஈரம் பட்டால் ஆடு உதறும், அது சம்மதமில்லை. கால்நடை மருத்துவம் படித்த எனக்கு அது தெரியும். அந்தக் கூட்டத்திலும் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் கேட்டார்கள். கேட்காமல் எடுத்துக்கொள்ள இது நம்முடைய பொருளில்லை என்ற எண்ணம் அந்தச் சடங்குக்குள் இருக்கிறது. அந்த முக்கால் மணி நேரமும் எல்லார் கண்ணும் அந்த ஒரு உயிரின் மேலேயே இருந்தது. நான் பலியை ஆதரிக்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பேரன் காதுகுத்துக்கு நான் கிடா வெட்டவில்லை, பொங்கலோடு முடித்தோம், உறவில் கொஞ்சம் மனத்தாங்கலும் வந்தது. ஆனால் கறிக்கோழி ஷெட்டில் நின்று, இந்த ஐயாயிரத்தில் ஒன்றையாவது யாராவது ஒருமுறை கண்ணைப் பார்த்திருப்பார்களா என்று யோசிக்கும்போது அந்த மஞ்சள் தண்ணீர் நினைவுக்கு வரும்.

ஜல்லிக்கட்டைப் பற்றியும் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது, 2017 மெரினா போராட்டத்துக்குப் பின் மாநிலச் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. அங்கே காளையைக் கொல்வது நோக்கமில்லை. மாடு பிடிபடாமல் போனால் மாட்டுக்காரர் கொண்டாடுகிறார். அதனால் மேலே சொன்ன அளவுகோலில் அது சேவல்கட்டோடு சேராது. வாலை முறுக்குவது, கண்ணில் எதையாவது தடவுவது, சாராயம் ஊற்றுவது இல்லாமல் அந்த ஆட்டம் நடக்க முடியும், விதிப்படி நடக்கும் இடங்களில் நடக்கிறது. கூட்டத்தில் மிரண்டு ஓடிக் கிணற்றில் விழுந்தும் வண்டியில் அடிபட்டும் காளைகள் சாவதும், ஆட்கள் சாவதும் உண்மை. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அதையும் கத்திக்காலையும் ஒரே தராசில் வைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. முயல் வேட்டைத் திருவிழா என்று நாய்களோடு காட்டுக்குள் போவதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது, அது சரி. அங்கே யாருக்கும் பசியில்லை.

மீனைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை, சத்தம் போடாது என்பதால். 2003இல் பிரிட்டனில் ட்ரவுட் மீனின் உதட்டில் அமிலம் செலுத்திச் சோதித்தார்கள். அது தீனியை விட்டுவிட்டு உதட்டைக் கல்லில் தேய்த்தது, வலிமருந்து கொடுத்ததும் அது குறைந்தது. வலை படகுக்கு வந்த பிறகு மீன் மூச்சுத் திணறித்தான் சாகிறது. நான் மீன் சாப்பிடுகிறவன். இதைத் தெரிந்துகொண்டுதான் சாப்பிடுகிறேன், முன்பைவிடக் குறைவாக.

"நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால், கறிக்கோழியை விட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. தரையில் மேய்ந்த கோழி, ஆடு என்றால் மாதத்துக்கு ஒருமுறை, சில மாதம் அதுவும் இல்லை. முட்டை தெரிந்த வீட்டில் வாங்குகிறேன், விலை அதிகம், அதனால் எண்ணிக்கை குறைவு. பால் விடவில்லை. விட முடியவில்லை என்பதுதான் நிஜம், காபி ஒரு காரணம், அறுபது வயதுக்கு மேல் பழக்கம் இன்னொரு காரணம். கொல்லவே கூடாது என்று வாழ்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் பக்கம் நியாயம் அதிகம் என்றுதான் நினைக்கிறேன். வேறு நல்ல சாப்பாடு கிடைக்கும் ஒருவருக்கு ஒரு உயிரைக் கொல்வதற்கு நல்ல காரணம் சொல்வது கஷ்டம். நானும் இங்கே அப்படி ஒரு காரணம் சொல்லவில்லை.

எனவே உங்கள் கேள்வியின் கடைசி வரிக்கு என் பதில்: சேவல்கட்டை எதிர்ப்பவர் எதிர்க்கட்டும், அந்த எதிர்ப்பு சரி. பிரியாணி சாப்பிடுவதால் அது பொய்யாகிவிடாது. ஆனால் அதே கண்ணோடு அவர் தன் தட்டையும் பார்க்க வேண்டும். அந்தக் கோழி எங்கே, எப்படி, எத்தனை நாள் வாழ்ந்தது என்று ஒருமுறையாவது கேட்க வேண்டும். "நீ மட்டும் யோக்கியமா" என்று கேட்டு இரண்டு கொடுமையையும் தப்பவிடுவதற்கு உங்கள் கேள்வி பயன்பட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

2001இன் இறைச்சிக்கூட விதிகளில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு: ஒரு விலங்கின் கண்ணெதிரில் இன்னொரு விலங்கை அறுக்கக் கூடாது. தெருமுனைக் கோழிக்கடைகளில் இதை யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் தெருக் கடையில் கூண்டுக்கு ஒரு முழம் தள்ளி வெட்டுக்கட்டை. போன வருடம் அந்தக் கடைத் தம்பியிடம் பேசினேன். முதலில், "கோழிக்கு என்ன சார் தெரியும்" என்றார். அறுக்கும்போது கூண்டுக் கோழிகள் ஒரே பக்கமாக ஒதுங்குவதைக் காட்டினேன். அவர் தினமும் பார்ப்பதுதான், அன்றைக்குக் கத்தியைக் கட்டைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். இப்போது அங்கே கூண்டுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு நீலத் தார்ப்பாய் தொங்குகிறது.